அந்தப் பேருக்கு எழுந்து நின்ற மச்சான்

கடலூரில் அந்த ஸ்கேன் சென்டரின் காத்திருப்பு அறையில் பதினைந்து பேர் இருந்திருப்போம். முக்கால்வாசி வயிறு தள்ளிய பெண்கள். மிச்சம் அவர்களுடைய கணவன்மார், மாமியார்கள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்த பெண் சீட்டைப் பார்த்து ஒரு பேரைச் சத்தமாகக் கூப்பிட்டாள். அது என் பேர். அதாவது, என் ஆதார் அட்டையில் அப்போது இருந்த பேர். அதை இங்கே எழுதப் போவதில்லை. பூவின் பேரில் தொடங்கும் ஒரு பெண் பேர் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கோ ஹார்மோன் ஊசியில் தாடி முளைக்கத் தொடங்கியிருந்தது. எழுந்தால் பதினைந்து தலையும் திரும்பும். காலைத் தரையில் ஊன்றினேன், எழ முடியவில்லை.

எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் எழுந்தார். முறுக்கிவிட்ட மீசை. சட்டைப் பொத்தான்களுக்கு வேலை வைக்கும் தொப்பை. நகக்கண்ணெல்லாம் எஞ்சின் ஆயில்.

"நாந்தாம்மா," என்றார்.

அந்தப் பெண் சீட்டைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "சார், இது பேஷண்ட் பேரு."

"ஆமா, என் பேருதான். எங்கம்மாவுக்கு ஆறும் ஆம்பள. ஏழாவதாச்சும் பொண்ணாப் பொறக்கும்னு பேர முன்னாடியே வச்சிட்டாங்க. பாத்தா நான் வந்துட்டேன். வச்ச பேர மாத்துவானேன்னு வுட்டுட்டாங்க."

"கர்ப்பப்பை பாக்கணும்னு எழுதியிருக்கு சார்."

"பாருங்க. இருக்கா இல்லியான்னு எனக்கும் ரொம்ப நாளா டவுட்டு."

அறையே சிரித்தது. ஒரு கர்ப்பிணிப் பெண் இரண்டு கையாலும் வயிற்றைத் தாங்கிக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு நடுவே அவர் கண்ணாடித் தடுப்பு வரைக்கும் நடந்துபோய், குனிந்து, மெல்லிய குரலில் அவளிடம் உண்மையைச் சொன்னார். அவள் ஒரு கணம் என் பக்கம் பார்த்துவிட்டு உள்கதவைக் காட்டினாள். நாங்கள் இருவரும் உள்ளே போனோம். ஒருத்தர்கூட என்னைக் கவனிக்கவில்லை. வெளியே இருந்தவர்கள் இன்றுவரைக்கும் மீசைக்காரருக்குத்தான் ஸ்கேன் எடுத்தார்கள் என்று நம்பிக்கொண்டிருப்பார்கள்.

அவர் என் அக்காவின் கணவர். தேவனாம்பட்டினத்தில் படகு எஞ்சின் ரிப்பேர் பார்ப்பவர். மீனவக் குடும்பத்தில் பிறந்தும் அவரால் கடலுக்குப் போக முடியாது. கரையைத் தாண்டி நாலு அலை போனால் வாந்தி எடுத்துவிடுவார். பட்டினத்தில் இதைவிடப் பெரிய கேலி வேறு கிடையாது. பத்து வயதிலிருந்து அத்தனை பேரும் சிரித்திருக்கிறார்கள். ஒரு கட்டத்தில் அவரே முந்திக்கொள்ளக் கற்றுக்கொண்டாராம். "சிரிக்கிறவன் எப்பிடியும் சிரிக்கத்தான் போறான். நாம சொன்ன ஜோக்குக்குச் சிரிச்சிட்டுப் போவட்டுமே," என்பார்.

அதற்காக அவர் பொய் சொல்வார். சின்னப் பொய் இல்லை, ஆற அமர உட்கார்ந்து அளந்துவிடுவார். கண் சிமிட்டாது. உண்மையைச் சொல்லும்போதுதான் கொஞ்சம் திணறுவார்.

நான் ஆண்தான், அதற்கான அறுவை சிகிச்சை செய்துகொள்ளப் போகிறேன், இனிமேல் நான் நானாக இருக்கப் போகிறேன் என்று செம்மண்டலத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் சொன்ன அன்று, அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதற்கப்புறம் எட்டு மாதம் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அக்கா அழுதாள். அவர் ஒன்றுமே சொல்லவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது. அவர் பேசாமல் இருந்து நான் பார்த்ததே கிடையாது.

நான் சிதம்பரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்துக்கொண்டு அங்கேயே அறை எடுத்துத் தங்கியிருந்தேன். இரண்டு நாள் கழித்துக் கடை வாசலில் பைக்கை நிறுத்தினார்.

"இனிமே என்னை மாமான்னு கூப்புடாத," என்றார்.

"சரி," என்றேன்.

"மச்சான்னு கூப்புடு. பொண்டாட்டியோட தம்பி பின்ன எப்பிடிக் கூப்புடுவான்?" பைக்கிலிருந்து இறங்காமலே பேசினார். "கல்யாணத்துல எனக்கு மோதிரம் போட மச்சான் இல்ல. யாரோ ஒரு சித்தப்பா மவன் வந்து இழுத்துச் சொருவுனான், ஒரு வாரம் வெரல் வீங்கிப் போச்சி. நீ அப்பவே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?"

அன்றிலிருந்து நான் அவருக்கு மச்சான், அவர் எனக்கு மச்சான். எங்கள் பக்கத்தில் மச்சான் என்றால் கேலி பேச உரிமைப்பட்டவன். அந்த உரிமையை அவர் ஒரு நாளும் வீணாக்கியதில்லை.

ஆபரேஷனுக்கு முன்னால் எத்தனை பரிசோதனை என்பது எனக்கு முதலில் தெரியாது. ரத்தம், எக்ஸ்ரே, ஸ்கேன், ஈசிஜி, மயக்க மருந்து டாக்டர், மனநல டாக்டர். எந்த உடம்பைப் பார்க்காமல் இருப்பதற்காக நான் கண்ணாடியில் கழுத்துக்கு மேலே மட்டும் பார்த்துத் தலை வாரிப் பழகியிருந்தேனோ, அதை மேசையில் போட்டு எல்லோரும் பார்க்க வேண்டும். அதை விட்டு வெளியே வருவதற்கு அதற்குள்ளே போய்த்தான் வர வேண்டும் என்ற மாதிரி. ஸ்கேனுக்கு முதல் தடவை நான் தனியாகத்தான் போனேன். பேரைக் கூப்பிட்டதும் எழுந்து, வாசலுக்கு நடந்து, ரோட்டுக்கு வந்து, ஓடி, பஸ் ஸ்டாண்டில்தான் நின்றேன். இரைப்பு வந்த மாதிரி மூச்சு வாங்கியது என்று அக்காவிடம் போனில் சொன்னேன். அடுத்த தடவைக்கு அவர் வந்துவிட்டார்.

வயிறு நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொல்லியிருந்தார்கள். "நீ ஒரு லிட்டர்னா நானும் ஒரு லிட்டர்," என்று அவரும் எனக்குச் சமமாகக் குடித்தார். உள்ளே நான் மேசையில் படுத்திருக்க, திரைக்கு அந்தப் பக்கம் அவர் நின்றார். டாக்டர் ஒரு நடுத்தர வயதுப் பெண். அடிவயிற்றில் ஜெல் சில்லென்று விழுந்தது. கருவி அழுத்த அழுத்த, எனக்குள்ளே இருப்பதாக நான் ஒத்துக்கொள்ளாத எதையோ யாரோ தேடிக் கண்டுபிடிக்கப் போகிறார்கள் என்று இருந்தது. கை விரல்கள் மரத்துப்போயின. காது அடைத்துக்கொண்டது. என் உடம்பை அங்கே விட்டுவிட்டு நான் மட்டும் எங்கேயோ தள்ளிப் போய்க்கொண்டிருந்தேன். அது எனக்குப் பழக்கமான இடம்தான். போனால் திரும்பி வர இரண்டு நாள் ஆகும்.

"மச்சான், எஞ்சின எறக்குறதுக்கு முன்னாடி மெக்கானிக் எல்லாத்தையும் தொட்டுத்தான் பாப்பான்," என்றார் திரைக்குப் பின்னாலிருந்து. "தொட்டதால அது அவன் எஞ்சின் ஆயிடாது."

"நான் எஞ்சின் இல்ல மச்சான்."

"சரி, மீன்புடி போட்டு."

"போட்டும் இல்ல."

"அப்ப சீக்கிரம் முடிங்க டாக்டரம்மா. நானும் ஒரு லிட்டர் குடிச்சிருக்கேன், இங்க நெலவரம் சரியில்ல."

டாக்டருக்குச் சிரிப்பு வந்து கருவி குலுங்கியது. எனக்கும் சிரிப்பு வந்தது. நிறைந்த வயிற்றோடு சிரித்தால் வலிக்கும். அந்த வலியில் நான் எங்கேயும் போகாமல் மேசையிலேயே இருந்துவிட்டேன். டாக்டர் நான் கேட்காமலே, படம் என் கண்ணில் படாதபடி ஸ்கேன் மானிட்டரை அந்தப் பக்கம் திருப்பி வைத்தார். "முடிஞ்சுது தம்பி," என்றார்.

கழிப்பறைக்கு முதலில் ஓடியது நான் இல்லை.

மனநல டாக்டர் வீட்டிலிருந்து ஒருவரைக் கூட்டிவரச் சொன்னபோதும் அவர்தான் வந்தார். சின்ன வயதில் நான் எப்படி என்று டாக்டர் கேட்டார். மச்சான் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அஞ்சு வயசுலயே சைக்கிளப் பிரிச்சி மாட்டுவாப்ல சார். பொம்மையக் கண்டா தூக்கி எறிவாப்ல. தெருவுல எந்தப் பயலும் எதுத்து நிக்க முடியாது." எனக்கு ஐந்து வயதாக இருக்கும்போது இவர் எங்கள் வீட்டுக்கு மாப்பிள்ளையாக வரவே இல்லை. எனக்கு இன்றைக்கும் சைக்கிள் ஓட்டத் தெரியாது. டாக்டர் என்னைப் பார்த்தார். "பொய் சார்," என்றேன். "எனக்குப் பொம்மை பிடிக்கும். ஆனா அந்தப் பொம்மைக்கு நான் அப்பா." டாக்டர் அதை எழுதிக்கொண்டார். வெளியே வந்ததும் மச்சான், "இத மொதல்லயே சொல்லியிருந்தா நான் சைக்கிளுக்குப் போயிருக்க மாட்டேன்ல?" என்று கோபித்துக்கொண்டார்.

இப்படியே எழுதிக்கொண்டு போனால் அவர் எப்போதும் ஜெயித்தார் என்று நினைத்துவிடுவீர்கள். ஈசிஜி எடுக்கப் போன அன்று அப்படி நடக்கவில்லை.

சிதம்பரத்தில் ஒரு தனியார் மருத்துவமனை. பேர் வேண்டாம். ஈசிஜி எடுக்கும் பெண் சின்ன வயது. தாடியைப் பார்த்துவிட்டு, "சட்டையக் கழட்டிட்டுப் படுங்கண்ணா," என்று இயல்பாகச் சொன்னாள். அவள் மேல் தப்பில்லை. சட்டைக்குள்ளே நெஞ்சை இறுக்கிக் கட்டும் உள்ளாடை போட்டிருந்தேன். அதைப் பகலில் நான் கழற்றியதே கிடையாது. இரண்டாவது பொத்தானில் கை நின்றுவிட்டது. வியர்த்துக் கொட்டியது. மூச்சு மேலேயே நின்றது, கீழே இறங்கவில்லை.

கதவோரம் நின்றிருந்த மச்சானுக்கு என் முகம் தெரிந்திருக்க வேண்டும். பயந்துவிட்டார். பயந்தால் அவருக்கு வாய் தானாக ஓடும்.

"இன்னா மச்சான், கழட்டு. என் நெஞ்ச வுடவா உன்னுது பெருசா இருந்துடப் போவுது?" என்று தன் சதை தொங்கும் மார்பைத் தட்டிக் காட்டினார்.

அவர் சிரித்தது அவருடைய உடம்பைப் பார்த்துத்தான், எனக்குத் தெரியும். ஆனாலும் அது போய் இறங்கிய இடம் வேறு.

"வாய மூடு!" என்று கத்தினேன். "எல்லாமே உனக்கு வெளையாட்டா? வெளிய போ."

அவரை நான் ஒருமையில் பேசியது அன்று ஒரு நாள்தான். முகம் சுருங்கிப்போய் வெளியே நடந்தார். அந்தப் பெண் ஒன்றும் புரியாமல் நின்றாள். நான் அவளிடம் இரண்டு வரியில் சொன்னேன். "ஐயோ, சாரிண்ணா," என்றவள் கதவைச் சாத்தினாள். "லஞ்ச் வரைக்கும் வேற யாரும் இல்ல. மெதுவா வாங்க."

அரை மணி நேரம் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். மச்சான் வரவில்லை. கடலூர் பஸ் ஏறியிருப்பார் என்று நினைத்தேன். ஈசிஜி இல்லாமல் மயக்க மருந்து டாக்டர் பார்க்க மாட்டார். அவர் பார்க்காமல் ஆபரேஷன் தேதி கிடைக்காது. இந்த ஒரு சட்டையைக் கழற்ற முடியாமல் எல்லாம் நின்றுவிடப் போகிறது என்று நினைத்தபோது அழுகைகூட வரவில்லை. எழுந்து வீட்டுக்குப் போய்விடலாம் என்றுதான் இருந்தது.

கதவு தட்டும் சத்தம். மச்சான். கையில் ஒரு சீட்டு. அதை அந்தப் பெண்ணிடம் நீட்டினார். ஈசிஜிக்கான ரசீது. அவர் பேரில்.

"உங்களுக்கு எதுக்கு சார்? டாக்டர் எழுதினாரா?"

தலையை ஆட்டினார். அந்த ஆட்டலில் ஆமாமும் இருந்தது, இல்லையும் இருந்தது. பிறகு சட்டையையும் பனியனையும் கழற்றி என் மடியில் வைத்துவிட்டு மேசையில் ஏறிப் படுத்தார். கையிலும் காலிலும் கிளிப் மாட்டினாள். நெஞ்சில் ஆறு ரப்பர் குமிழ். புதர் மாதிரி முடி. குமிழ் ஒட்டாமல் டப் டப்பென்று கழன்று விழுந்தது. வேறு எந்த நாளாக இருந்தாலும் அதற்கே பத்து ஜோக் சொல்லியிருப்பார். வாயை இறுக்கி மூடிக்கொண்டு படுத்திருந்தார். ஆறும் ஒட்டியதும் என் பக்கம் திரும்பி, ஒவ்வொரு குமிழாக விரலால் தொட்டுக் காட்டினார். இங்க. இங்க. இது ரெண்டுக்கும் நடுவுல. அப்புறம் இப்பிடிச் சுத்தி.

எனக்குப் புரிந்தது. அந்தப் பெண்ணுக்கும் புரிந்தது.

அவர் இறங்கி வெளியே போனதும், நான் போர்வைக்குள்ளே சட்டையைத் திறந்து, உள்ளாடையை மேலே ஏற்றி, குமிழ்களை நானே ஒட்டினேன். அவள் இயந்திரத்தைப் பார்த்தபடி சொல்லிக்கொண்டே வந்தாள். இரண்டு மட்டும் இடம் தப்பியிருந்தது. "தொடலாமாண்ணா?" என்று கேட்டாள். அத்தனை மாதத்தில் அப்படிக் கேட்ட முதல் ஆள் அவள்தான். "ம்," என்றேன். போர்வைக்குள்ளே கை விட்டு, இரண்டையும் தள்ளி ஒட்டிவிட்டு, கையை எடுத்துக்கொண்டாள். நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் நான் அங்கேயே இருந்தேன். காகிதம் ஓடி முடிந்தது.

வாசலில் டீக்கடையில் அவர் நின்றிருந்தார். "சாரி மச்சான்," என்றேன்.

"நான்தான் சொல்லணும். பயம் வந்தா எனக்கு வாய் நிக்காது. கடல்ல வாந்தி வர்ற மாதிரி, தானா வந்துடுது." கொஞ்சம் திணறினார். அதனால் அது உண்மை என்று தெரிந்தது.

அதோடு முடிந்திருந்தால் சரி. அவருடைய ஈசிஜியை வாங்கிப் பார்த்த டாக்டர் உள்ளே கூப்பிட்டு பிபி பார்த்தார். மேலே இருந்தது, ரொம்ப மேலே. மாத்திரை எழுதினார். உப்பு, ஊறுகாய், கருவாடு மூன்றையும் நிறுத்தச் சொன்னார். அக்கா அன்றைக்கே கருவாட்டுப் பானையைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். அப்புறம் யாரைப் பார்த்தாலும் மச்சான் ஒரே புகார்தான்: "இவனுக்கு ஆப்பரேஷன், எனக்குப் பத்தியம். எந்த ஊரு நியாயம் இது?"

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுநாள் காலை. இரண்டு பக்கமும் ரத்தம் வடியும் குழாய்களோடு நான் படுத்திருந்தேன். எனக்கு வந்த இட்லியை மச்சான் நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கதவைத் திறந்துகொண்டு அம்மா வந்தாள். கையில் வயர் கூடை. கடலூரிலிருந்து முதல் பஸ் பிடித்திருக்க வேண்டும்.

கட்டிலில் நான். நாற்காலியில் வாயில் இட்லியோடு மாப்பிள்ளை. அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இன்னா மாப்ள, ஒங்களுக்கு ஆப்பரேஷன்னு சொன்னீங்க?"

அவர் வாழ்நாளில் சொன்னதிலேயே பெரிய பொய் அதுதான். எனக்கு என்றால் அம்மா வரமாட்டாள், மாப்பிள்ளைக்கு என்றால் வராமல் இருக்கவே முடியாது என்று கணக்குப் போட்டு, அக்காவிடம்கூடச் சொல்லாமல் போன் செய்திருக்கிறார்.

"ஆச்சு அத்த. நல்லபடியா முடிஞ்சிது."

"யாருக்கு?"

"நம்ம வூட்டுக்கு."

அம்மா அவரைப் பிடிபிடியென்று பிடித்தாள். ராத்திரி முழுக்கத் தூங்கவில்லையாம். பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தாளாம். இப்படியும் ஒரு மனுஷன் உண்டா. அவர் தலையைக் குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். ஓய்ந்ததும், கூடையிலிருந்து கஞ்சியை எடுத்து டம்ளரில் ஊற்றி அவரிடம் நீட்டினாள்.

"எனக்கா அத்த?"

"ஒங்களுக்கு இன்னா கேடு? அங்க குடுங்க."

"அங்கன்னா எங்க?"

"அங்கதான்."

"அங்க யாரு இருக்காங்க அத்த? பேரு, மொறை எதுனா சொன்னாத்தான தெரியும்?"

அம்மா அவரை முறைத்தாள். பிறகு டம்ளரைத் தானே எடுத்துக்கொண்டு வந்து, ஒரு கையால் என் தலையைத் தூக்கி, வாயில் வைத்தாள். நான் குடித்து முடிக்கும்வரைக்கும் குழாய்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

இரண்டு மாதம் கழித்து மச்சானுக்கு அம்மாவிடமிருந்து போன். மாப்பிள்ளைக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால் திருவந்திபுரம் கோயிலில் அவருக்கு மொட்டை போடுவதாக அன்றைக்கு ராத்திரி வேண்டிக்கொண்டாளாம். ஞாயிற்றுக்கிழமை வந்து சேரச் சொன்னாள். என்னையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னதாக மச்சான் சொன்னார். அதுவும் பொய்யாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன்.

"எனக்கு ஆப்பரேஷனே நடக்கலியே அத்த, வேண்டுதல் எப்பிடிச் செல்லும்?" படியேறும்போது வழியெல்லாம் கெஞ்சினார்.

"நான் வேண்டிக்கிட்டது மெய்தான? நீங்க பொய் சொன்னது சாமிக்குத் தெரியுமா?"

மொட்டைக்குச் சீட்டுக் கொடுக்கும் இடத்தில் அம்மா போய் நின்றாள். "ரெண்டு," என்றாள். நானும் மச்சானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

உள்ளே இருந்தவர் தலையை நிமிர்த்தாமல் கேட்டார். "லேடீஸ் இருக்காங்களா? லேடீஸ்னா அந்தப் பக்கம் போவணும்."

"இல்லிங்க," என்றாள் அம்மா. "ரெண்டும் ஆம்பள. ஒண்ணு மாப்ள, ஒண்ணு மவன்."

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. மச்சானுக்குத் தெரிந்தது. "அத்த, மவனே இருக்காப்ல, அப்ப நான் எதுக்கு? ஒரு தலை போதாதா?"

"உக்காருங்க மாப்ள."

பக்கத்துப் பக்கத்தில் உட்கார வைத்து இருவருக்கும் தண்ணீர் தெளித்து வழித்தார்கள். இருவர் முடியும் ஒரே இடத்தில் விழுந்தது. குளித்துவிட்டு வந்ததும் அம்மா கிண்ணத்தில் சந்தனம் கரைத்துவைத்திருந்தாள். முதலில் மாப்பிள்ளை தலையில் தடவினாள், மரியாதைக்கு. பிறகு என் தலையில். உச்சியிலிருந்து பிடரி வரைக்கும், காது மடலுக்குப் பின்னாலெல்லாம், கிண்ணம் காலியாகும்வரைக்கும் தடவிக்கொண்டே இருந்தாள்.

மச்சான் தன் தலையைத் தொட்டுப் பார்த்தார். என் தலையைப் பார்த்தார்.

"அத்த, இது ஓரவஞ்சன," என்றார்.